விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு எந்த ஸ்டோரேஜ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

100 பேருக்கு விர்ச்சுவல் டெஸ்க்டாப் (சர்வரில் ஓடி, ஊழியரின் திரையில் தெரியும் கம்ப்யூட்டர்) தரப்போகிறோம். லாக்-அவுட் செய்ததும் டெஸ்க்டாப் அழிந்து, அடுத்த முறை புதிதாக உருவாகும். இதற்கு சான் ஸ்டோரேஜ் (எல்லா சர்வர்களும் நெட்வொர்க் வழியே பகிரும் டிஸ்க் தொகுப்பு) வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் விற்பனையாளர். தேவைதானா?

தேவையில்லை. இந்த டெஸ்க்டாப் இந்த நிமிடமே அழிந்தால் யாருக்காவது இழப்பு உண்டா என்று பாருங்கள். உங்கள் அமைப்பில் இல்லை. ஒரு சர்வர் விழுந்தால் அதில் இருந்தவர்கள் மறுபடி லாகின் செய்து, வேறு சர்வரில் புது டெஸ்க்டாப் வாங்கிக்கொள்வார்கள்.

சேமிக்காத வேலை போய்விடுமே என்பார்கள். சான் இருந்தாலும் போகும். சர்வர் திடீரென்று செத்தால், 'ஹை அவைலபிலிட்டி' வசதி அதில் ஓடிய விர்ச்சுவல் மெஷினை வேறு சர்வரில் முதலிலிருந்து பூட் செய்கிறது. திறந்திருந்த எக்செல் ஷீட்டை அது காப்பாற்றித் தராது. அந்தப் பணத்தில் கூடுதலாக ஒரு சர்வர் வாங்கி, எல்லா சர்வரிலும் என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். மூலப் படிவமான கோல்டன் இமேஜ் ஒவ்வொரு சர்வரிலும் இருக்கட்டும். அதற்கு வெளியே தனியாக ஒரு பேக்கப்பும் வேண்டும்.

சுழலும் டிஸ்க்குகள் உள்ள பழைய சான் எங்களிடம் இருக்கிறது. கொள்ளளவு தாராளம். ஆனாலும் எல்லாம் மந்தமாக இருக்கிறதே?

இங்கே டெராபைட் கணக்கு உதவாது. ஒரு நொடியில் எத்தனை முறை படிக்க, எழுத முடிகிறது என்பதுதான் கணக்கு. ஒரு டெஸ்க்டாப்புக்குச் சராசரியாக நொடிக்கு 10 என்று வைத்தாலும் 100 பேருக்கு 1000. விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் பெரும்பகுதி எழுதும் வேலைதான். 80 சதவீதம் என்று கொள்வோம். ரெய்டு 5-இல் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் காக்கும் முறை) சிறியதாக ஒருமுறை எழுதினாலும் டிஸ்க்கில் நான்கு வேலை நடக்கிறது. ஆக, எழுதுவதற்கு 3200, படிப்பதற்கு 200, மொத்தம் 3400. நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் டிஸ்க் ஒன்று நொடிக்குச் சுமார் 175 தரும். கிட்டத்தட்ட 20 டிஸ்க் வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு 10-க்கு மாறினால் மொத்தம் 1800 ஆகிவிடும், ஜோடி ஜோடியாக 12 டிஸ்க் போதும். கேஷ் (தற்காலிக வேக நினைவகம்) கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும்தான். ஆனால் இதெல்லாம் சாதாரண நேரத்துக் கணக்கு. காலையில் எல்லாரும் ஒன்றாக லாகின் செய்யும்போது தேவை பலமடங்கு ஏறும். ஊழியர்கள் வருவதற்கு முன்பே மெஷின்களைத் தவணை தவணையாக பூட் செய்துவையுங்கள், சுமை குறையும்.

டெவலப்பர்களுக்கு நிரந்தர டெஸ்க்டாப். அவரவர் நிறுவிய டூல்கள் அதிலேயே இருக்கும். இதையும் லோக்கலில் (அந்தந்த சர்வரின் சொந்த டிஸ்க்கில்) வைக்கலாமா?

வைக்காதீர்கள். சர்வர் பழுதானால் அதிலுள்ளவர்கள் அது சரியாகும்வரை சும்மா உட்காரவேண்டியதுதான். இவர்களுக்குப் பகிர்வு ஸ்டோரேஜ் வேண்டும். சின்ன அலுவலகம், பிராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது என்றால் இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் ஒரு நல்ல நடுவழி. இயல்பாக அது 15 நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த சர்வருக்குப் பிரதி எடுக்கும். கடைசிப் பிரதிக்குப் பிறகு செய்த வேலை போனால் பரவாயில்லையா என்று டெவலப்பர்களிடமே கேட்டு முடிவெடுங்கள்.

லோக்கல் டிஸ்க் என்றால், பராமரிப்பின்போது ஓடும் மெஷினை நகர்த்த முடியாதாமே?

முடியும். அதே வகை மென்பொருள்களான விஎம்வேரும் ஹைப்பர்-வியும் 2012-லேயே இதைக் கொண்டுவந்துவிட்டன. டிஸ்க்கையும் சேர்த்து நகலெடுப்பதால் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அழிந்து உருவாகும் டெஸ்க்டாப்புக்கு அதுகூட வேண்டாம். முந்தைய நாள் மாலையே அந்த சர்வருக்குப் புது லாகின் வராமல் நிறுத்திவிட்டால், இரவுக்குள் தானாகக் காலியாகும்.

எஃப்எஸ்லாஜிக்ஸ் புரொஃபைலையும் (பயனரின் செட்டிங், ஃபைல்களை டெஸ்க்டாப்பிலிருந்து பிரித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி) லோக்கலில் வைத்துவிடலாமா?

கூடவே கூடாது. இன்று ஒரு சர்வர், நாளை வேறு சர்வர் என்று மாறுபவரோடு புரொஃபைலும் போகவேண்டும். டெஸ்க்டாப் லோக்கலில், புரொஃபைல் பகிர்வில் என்று பிரிப்பதே சரி. சானுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை, புரொஃபைல்களை வைத்திருக்கும் ஃபைல் சர்வரில் போடுங்கள். அது ஒற்றையாக நின்று விழுந்தால் டெஸ்க்டாப் எல்லாம் நன்றாக இருந்தும் யாருக்கும் தன் புரொஃபைல் கிடைக்காது. அதனால் ஒன்று விழுந்தால் இன்னொன்று தொடரும்படி கிளஸ்டராக அமைத்துவிடுங்கள்.

கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டி போட்டால் செலவு மிச்சமாகுமே?

சோதனைக்குப் போடலாம். 1 டெராபைட் சாதாரண எஸ்எஸ்டி பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும்வரைதான் உத்தரவாதம். தினம் ஒருமுறை முழுதாக எழுதலாம் என்று 5 ஆண்டு உத்தரவாதம் தரும் 960 ஜிபி சர்வர் எஸ்எஸ்டி சுமார் 1750 டெராபைட் தாங்கும். வாங்கும்முன் இன்னொன்றையும் பாருங்கள்: மின்சாரம் போனால் கேஷில் உள்ளதை எழுதி முடிக்கும் கெபாசிட்டர் சாதாரண வகையில் பெரும்பாலும் இருக்காது.