அத்தையோட இன்லேண்ட் லெட்டர்: வாசகர் கேள்வி பதில்

காலேஜ் படிக்கறப்ப அத்தை எழுதின, என் வாழ்க்கையவே மாத்தின ஒரு இன்லேண்ட் லெட்டர இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்னு போன இதழ்ல ஒரே ஒரு வரிதான் சொன்னேன், அதப் பிடிச்சுக்கிட்டு இந்த வாட்டி வந்த கேள்வில பாதிக்கு மேல லெட்டர் பத்திதான். அதனால இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

அப்படி என்னதாங்க எழுதியிருந்தாங்க உங்க அத்தை?
வாசகி, திண்டுக்கல்

திருச்சில ஃபர்ஸ்ட் இயர், முத செமஸ்டர்லயே மூணு அரியர். ஊர்ல யார் மூஞ்சிலயும் முழிக்கப் பிடிக்காம பொங்கல் லீவுக்குக் கூட போகாம ஹாஸ்டல்லயே படுத்துக் கிடந்தேன், மெஸ் வேற மூடியாச்சு. லீவு முடிஞ்சு ரெண்டாம் நாள் லெட்டர் வந்துச்சு. அத்தை அஞ்சாங்கிளாஸ்தான், எழுத்து ஒண்ணு மேல ஏறும் ஒண்ணு கீழ எறங்கும். மேல ஒரு உ, அப்புறம் நலம் நலமறிய ஆவல், அப்புறம் நேரா கிணத்துக் கதை. நான் ஏழாப்பு படிக்கறப்ப கயிறு அறுந்து வாளி கிணத்துல விழுந்துச்சாம், பெரியவங்க எல்லாம் போனா போகுதுன்னு விட்டுட்டாங்களாம், நான் மட்டும் பக்கத்துத் தெருல போய் பாதாளக்கரண்டி எரவல் வாங்கிட்டு வந்து மூணு நாளு ஸ்கூல் விட்டு வந்து வந்து துழாவி எடுத்தேனாம். (இப்ப இருக்கற பசங்களுக்காகச் சொல்றேன், பாதாளக்கரண்டின்னா வளையத்துல நிறைய கொக்கி தொங்கற இரும்புச் சாமான், கயித்துல கட்டி கிணத்துக்குள்ள விட்டு விழுந்தத மாட்டி எடுக்கறது.) "வாளியோட அந்தப் பழைய செம்பும் வந்துச்சே, அதுலதான் இப்பவும் மாமா தண்ணி குடிக்கிறார்"னு எழுதியிருந்தாங்க. கடைசில மாமாவுக்கு முட்டுவலி, முறுக்கு எடுத்து வச்சிருக்கேன், வர்றப்ப வா.

அரியர் பத்தி ஒரு எழுத்து இல்லைங்க. எனக்கு அந்த வாளி சமாச்சாரமே சுத்தமா மறந்து போயிருந்துச்சு. நான் மறந்த என்னைய ஒருத்தங்க இத்தன வருஷமா ஞாபகம் வச்சிருந்து, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு நானே முடிவு பண்ணின வாரத்துல எடுத்துக் குடுத்திருக்காங்க. மூணு அரியரும் அடுத்த ரெண்டு செமஸ்டர்ல முடிச்சேன். அத்தை இப்ப இல்ல.

நாலு வரி எழுதினா வாழ்க்கை மாறும்னு சொல்றதெல்லாம் கொஞ்சம் ஓவரா தெரியலையா? எனக்கு 68 வயசு, நானும் எத்தனையோ லெட்டர் வாங்கியிருக்கேன்.
வாசகர், ஈரோடு

ஐயா, எல்லா லெட்டரும் மாத்தாதுதான், ஒத்துக்கறேன். ஆனா ராமானுஜன் விஷயத்தக் கொஞ்சம் பாருங்க, நம்ம எல்லாருக்கும் ஸ்கூல்லயே தெரிஞ்ச கதைதான், ஆனா அந்த பதில் லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னு நிறைய பேர் கவனிச்சதில்ல. மெட்ராஸ் போர்ட் ட்ரஸ்ட்ல கணக்குப் பிரிவு குமாஸ்தா, மாசம் 30 ரூபா சம்பளம். 1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜ்ல இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதறார், கூடவே நூறுக்கும் மேல தேற்றங்கள். அதுக்கு முன்னாடி அதே கேம்பிரிட்ஜ்ல வேற ரெண்டு பெரிய பேராசிரியர்களுக்கு அனுப்பி ஒண்ணும் நடக்கல. ஹார்டி பிப்ரவரி 8ஆம் தேதி பதில் போடறார். நீ பெரிய மேதைப்பான்னு எல்லாம் அதுல இல்லைங்க. உங்க லெட்டரும் தேற்றங்களும் எனக்கு ரொம்ப ஆர்வமா இருந்துச்சு, ஆனா சிலதுக்காவது நிரூபணம் பாக்காம மதிப்பு சொல்ல முடியாது, அனுப்புங்க, அவ்ளோதான் சாரம்.

இத வேற யாராவது படிச்சா கறாரா கேள்வி கேக்கறாரேன்னு தோணியிருக்கும். ராமானுஜனுக்கு எப்படித் தோணுச்சுன்னு பாருங்க, பிப்ரவரி 27ல திருப்பி எழுதறார், என் உழைப்ப பரிவோட பாக்கற ஒரு நண்பர உங்ககிட்ட கண்டுகிட்டேன், மேல போக இதுவே எனக்கு ஒரு ஊக்கம்னு. அதே லெட்டர்லதான், மூளையக் காப்பாத்திக்க எனக்கு சாப்பாடு வேணும், நீங்க பரிவா ஒரு லெட்டர் எழுதினா இங்க ஸ்காலர்ஷிப் வாங்க உதவும்னும் கேக்கறார். இந்த எடத்தப் படிக்கறப்ப எல்லாம் எனக்கு தொண்டைய அடைக்கும். அந்த வருஷமே மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாசம் 75 ரூபா குடுத்துச்சு, 1914 மார்ச்ல கப்பல் ஏறினார், 1918ல எஃப்.ஆர்.எஸ்., அதாவது லண்டன் ராயல் சொசைட்டியோட ஃபெலோ. ஹார்டி லெட்டர் மட்டுமே எல்லாம் பண்ணிடுச்சுன்னு சொல்ல வரல, போர்ட் ட்ரஸ்ட்ல நாராயண ஐயர், அதோட தலைவர் ஸ்பிரிங் துரைன்னு இங்கயே அவருக்குத் தோள் குடுத்தவங்க இருந்தாங்க. ஆனா ஹார்டி கணக்க முழுசா உக்காந்து படிச்சுப் பாத்து, இது வேலைக்கு ஆகற சரக்குன்னு நெனச்சதாலதான் அடுத்தது அனுப்புன்னு கேட்டார் பாருங்க, அதுதான் ஊக்கம். 1920 ஜனவரில மெட்ராஸ்ல உடம்பு முடியாம கிடந்தப்பவும் புதுசா கண்டுபிடிச்சத ராமானுஜன் ஹார்டிக்குத்தான் எழுதினார், ஏப்ரல்ல போயிட்டார்.

என் பையன் சென்னைல ரூம் எடுத்து ரெண்டாவது தடவையா கவர்மென்ட் எக்ஸாமுக்குப் படிக்கிறான். போன் பண்ணா "ம்" "சரிம்மா" ரெண்டுதான். லெட்டர் எழுதலாம்னு உக்காந்தா என்ன எழுதறதுன்னே தெரியல, மூணு பேப்பர் கிழிச்சுப் போட்டுட்டேன்.
வாசகி, தென்காசி

அம்மா, அந்த மூணு பேப்பர்லயும் "அப்பா எவ்ளோ கஷ்டப்பட்டு அனுப்புறார் தெரியுமா"ன்னு ஒரு வரி இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க, இருந்தா கிழிச்சது நல்லதுதான். அவனுக்கு அது தெரியும், தெரிஞ்சதாலதான் "ம்"மோட நிறுத்திக்கறான்.

அமெரிக்காவுல சான்ஃபிரான்சிஸ்கோல ஜெரோம் மோட்டோன்னு ஒரு மனநல டாக்டர் இருந்தார். ரெண்டாம் உலகப் போர்ல சிப்பாயா இருந்தப்ப, அவ்வளவா பழக்கமில்லாத ஒரு பொண்ணு ஊர்ல இருந்து விடாம லெட்டர் போட்டுக்கிட்டு இருந்தது அவருக்கு பெரிய பிடிமானமா இருந்துச்சாம். பின்னாடி டாக்டரானதும், மனச் சோர்வுலயும் தற்கொலை எண்ணத்துலயும் ஆஸ்பத்திரில இருந்துட்டு வெளிய போய் மேற்கொண்டு வைத்தியம் வேண்டாம்னு சொன்ன 843 பேர எடுத்துக்கிட்டார். ரெண்டு பிரிவா பிரிச்சு ஒரு பிரிவுக்கு மட்டும் 5 வருஷத்துல 24 லெட்டர். லெட்டர்னா பெருசா இல்லம்மா, நீங்க இங்க இருந்துட்டுப் போய் கொஞ்ச நாளாச்சு, நல்லா இருப்பீங்கன்னு நம்பறோம், எங்களுக்கு ஒரு வரி எழுதணும்னு தோணுச்சுன்னா சந்தோஷம், அவ்ளோதான். அந்தப் பிரிவுல முக்கியமா முத ரெண்டு வருஷம் தற்கொலை குறைஞ்சிருந்துச்சு. வைத்தியத்துக்கு வா, மாத்திரை போடுன்னு எதுவும் கேக்காத லெட்டர்.

அதனால நீங்களும் எதுவும் கேக்காதீங்க, பதில் கூட. எக்ஸாம்ங்கற வார்த்தையே வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச, அவன் மறந்திருக்கற ஒரு விஷயம் இருக்கும் பாருங்க, சின்ன வயசுல தங்கச்சிக்காக ஏதோ விட்டுக்குடுத்தது, மழைல ஆட்டுக்குட்டிய தூக்கிட்டு வந்தது, என்னவோ ஒண்ணு, அது நடந்தபடி எழுதுங்க. அப்புறம் வீட்டு மாடு, எதிர் வீட்டு சண்டை, குற்றால சாரல் ஆரம்பிச்சிருச்சான்னு. ஒண்ணு எழுதிட்டு நிறுத்தாதீங்க, மாசம் ஒண்ணு போடுங்க.

இன்னொன்னு, சாப்பிடல, தூங்கல, வாழ்றதே வேஸ்ட்டுங்கற மாதிரி அவன் பேச்சுல ஏதாவது வந்தா லெட்டர எதிர்பாத்துக்கிட்டு இருக்காம அன்னைக்கு ராத்திரி பஸ்ஸே ஏறிப் போயிருங்க. 14416 டெலி மானஸ், மனநல உதவிக்கான கவர்மென்ட் போன் நம்பர், தமிழ்லயே பேசுவாங்க.

எனக்கு 9ஆம் வகுப்பு எடுத்த டீச்சருக்கு 30 வருஷம் கழிச்சு எழுதலாமா? அவங்களுக்கு என்னை ஞாபகமே இருக்காது, லூசு மாதிரி இருக்குமோன்னு தயக்கம்.
வாசகர், கும்பகோணம்

எழுதுங்க, இந்த வாரமே. அமித் குமார், நிக்கலஸ் எப்லின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2018ல இதையேதான் சோதிச்சுப் பாத்தாங்க. நன்றி லெட்டர் எழுதினவங்ககிட்ட, வாங்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு முதல்லயே கேட்டு, அப்புறம் வாங்கினவங்ககிட்டயும் கேட்டா, எழுதினவங்க நெனச்சத விட வாங்கினவங்களுக்கு சந்தோஷம் அதிகம், சங்கடம் கம்மி. நீங்க பயப்படற அதே சங்கடம்தான் சார். ஞாபகம் இருக்கான்னு கேக்காதீங்க, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருஷம், அவங்க என்ன சொன்னாங்க, அதனால நீங்க என்ன பண்ணீங்க, அத மட்டும் எழுதிருங்க. வயசானவங்க, எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்.

என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். டைப் பண்ணி பிரிண்ட் எடுத்து அனுப்பலாமா? இன்லேண்ட் எல்லாம் இன்னும் கிடைக்குதா?
வாசகி, தாம்பரம்

எங்க அத்தை எழுத்த நீங்க பாத்தது இல்லையே! கோழி கிண்டினதே அனுப்புங்க. இன்லேண்ட் 1950ல வந்தது, இன்னும் இருக்கு, போஸ்ட் ஆபீஸ்ல கேட்டு வாங்குங்க. 2025ல நிறுத்தினது ரிஜிஸ்டர் போஸ்ட்டதான், அத ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க, சாதா தபால் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

அப்பா எழுதின ஒரே ஒரு லெட்டர் இருக்கு, ஓரமெல்லாம் உதிருது. லேமினேட் பண்ணிரலாமா?
வாசகி, காரைக்குடி

பண்ணிராதீங்கம்மா. லேமினேஷன் சூட்டுல பிளாஸ்டிக் ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது, பேப்பரும் கெட்டுப்போகும். செலோ டேப்பும் வேண்டாம், மஞ்சளாகிக் கறை பிடிக்கும். முதல்ல நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து வீட்ல நாலு பேருக்கு அனுப்பி வச்சிருங்க. அப்புறம் மடிக்காம விரிச்ச வாக்குல ஒரு சுத்தமான பேப்பர் கவர்ல போட்டு, வெயிலும் ஈரமும் படாத எடத்துல, கரையான் வர்ற சுவரோரம் இல்லாம வைங்க.

நான் இதையெல்லாம் லேட்டாத்தான் கத்துக்கிட்டேன். அத்தை லெட்டர எத்தனை தடவ பிரிச்சு மடிச்சிருப்பேன்னு கணக்கில்ல, இப்ப மடிப்புல ரெண்டா கிழிஞ்சிருக்கு, சரியா அந்தப் பழைய செம்பு வர்ற வரில.