நோயாளிகளின் நினைவில் தங்காத ஒரு மருத்துவர்

மனத்துக்கு நெருக்கமான சக மருத்துவர் ஒருவர் இறந்துபோனால், அவரோடு பணியாற்றியவர்கள் அவரை எவ்விதம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அறுவை மருத்துவன். மறைந்தவர், பல ஆண்டுகள் என் அறுவை அரங்கில் நோயாளியின் தலைமாட்டில் நின்ற மயக்கவியல் மருத்துவர். அவரை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு எங்களைப் போன்ற உடன் பணியாளர்கள் மீதே முழுவதுமாக விழுந்திருக்கிறது, ஏனென்றால் அவர் காப்பாற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அவர் முகமே நினைவில் இல்லை.

இதற்கு மருந்தியல் காரணமும் உண்டு. அறுவைக்கு முன் பதற்றம் தணியக் கொடுக்கப்படும் மிடாசோலம், உடலுக்குள் சென்றபின் நடப்பவை நினைவில் பதியாதபடி செய்யும் இயல்புடையது. ஆகவே, அரங்கின் விளக்குகளைப் பார்த்து நடுங்கிய ஒரு பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீர்கள் அம்மா, நீங்கள் கண் விழிக்கும்வரை நான் இங்கேயேதான் இருப்பேன்" என்று அவர் சொன்னதும், அந்த அம்மா தலையசைத்ததும் எனக்கும் செவிலியருக்கும் நினைவிருக்கிறது. அந்த அம்மாவுக்கு இருந்திருக்காது. மறுநாள் வார்டில் நன்றி முழுவதும் எனக்கே வந்து சேரும். இது நியாயமில்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். நோயாளிக்குத் தன்னை நினைவிருந்தால் தான் மருந்தைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று பொருள் என்று சொல்லிச் சிரித்தார்.

அவருடைய திறமையை நான் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் அறிந்ததே அதிகம். பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஓர் ஒலி எழுப்பும். இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கும். வயிற்றைத் திறந்து குனிந்து நிற்பவனால் திரையைப் பார்க்க முடியாது, ஆனால் சுருதி இறங்குவது அவன் காதில் விழாமல் போகாது. அவர் இருந்த நாட்களில், நான் தலை நிமிர்வதற்குள், சுவாசக் குழாய் நழுவிவிட்டதா, சளி அடைத்துக்கொண்டதா, குழாய் ஆழமாக இறங்கிக் காற்று ஒரு நுரையீரலுக்கு மட்டும் போகிறதா என்று வரிசையாகப் பார்க்கத் தொடங்கியிருப்பார். குரல் மட்டும் உயராது. "கொஞ்சம் கையை எடுங்கள்" என்பார். நானும் ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுவேன். (அறுவை மருத்துவர்கள் எளிதில் கையை எடுப்பவர்கள் அல்லர் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.)

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அரங்கில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்று ஓர் அம்சம் உண்டு. பல இடங்களில் இது வெறும் டிக் அடிக்கும் சடங்காகிவிட்டது. அவரோ நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த ஊழியர் அரங்குக்குள் நின்றிருந்தால், அவரும் பெயர் சொல்லும்வரை விடமாட்டார். ஒருமுறை வாய் திறந்து பேசியவர்தான், ஆபத்து தெரியும்போது மறுமுறை பேசத் துணிவார் என்பது அவர் கருத்து. நோயாளிக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டு என்பதைக் குறிப்பேட்டில் கண்ட ஒரு பயிற்சி மாணவி, மருந்து ஏறுவதற்கு முன் எங்கள் அனைவரையும் தடுத்து நிறுத்தியது அந்தப் பழக்கத்தின் பலன் என்றே நான் நம்புகிறேன்.

அவருக்கு வந்தது கணையப் புற்றுநோய். ஸ்கேனைப் பார்த்தபோது எங்களுக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்திருந்ததால், ஆறுதல் சொல்லவும் வழியிருக்கவில்லை. அந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை.

இரங்கல் கூட்டத்தில் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்றும் 'பண்பாளர்' என்றும் பலர் பேசினார்கள். அவை பொய்யல்ல, ஆனால் யாருடைய படத்துக்கு முன்னும் பேசக்கூடிய சொற்கள். எனவே மேலே சொன்னவற்றையும் இன்னும் சிலவற்றையும், நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி எழுதி, அவர் மனைவியிடமும் மகளிடமும் கொடுத்தேன். மருத்துவரின் குடும்பத்துக்கு அவர் தாமதமாக வீடு திரும்புவதும், சாப்பாட்டின் நடுவே தொலைபேசி ஒலித்தால் எழுந்து போவதும்தான் தெரியும். போன இடத்தில் என்ன செய்தார் என்பதைச் சொல்ல எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்திருந்தால், முதலில் இதைச் செய்யுங்கள் என்பேன்.

மகள் படித்துவிட்டு, "அப்பா குரலே உயர்த்த மாட்டாரா?" என்று நம்ப முடியாமல் கேட்டார், சாவி காணாமல் போனால் வீடே அதிருமாம். இன்னும் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். என் நினைவில் இருந்தது தீர்ந்துவிட்டதால், இப்போது செவிலியர்களிடமும் அரங்க ஊழியர்களிடமும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.