கோள்களின் வளையங்கள்: எப்படி உருவாகின்றன, ஏன் சிலவற்றுக்கு மட்டும் உள்ளன?

வளையங்கள் குறித்து வந்த கேள்விகளில் ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை ஒருவர்): ஐயா, வளையம் என்பது உடைந்துபோன நிலவின் துண்டுகள் என்று சிலர் சொல்கிறார்கள், நிலவாகத் திரளாமல் போன பொருள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வகுப்பில் எதைச் சொல்வது?

பதில்: இரண்டையும் சொல்லலாம், அம்மா. ஆனால் இரண்டுக்கும் அடிப்படையான விதியை முதலில் சொல்லிவிட்டால் மாணவர்களுக்குக் குழப்பம் இராது. ஒரு கோளைச் சுற்றிவரும் பொருளின் கோளை நோக்கிய பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் சற்றுக் குறைவாகவும் ஈர்க்கப்படுகின்றன. இந்த வேறுபாடே அப்பொருளை இழுத்து நீட்டும் ஓத விசை. நம் கடல்களில் ஓதங்களை எழுப்புவதும் இதுதான். கோளை நெருங்க நெருங்க இவ்விசை மிக வேகமாகக் கூடுகிறது. ஒரு குறிப்பிட்ட தொலைவுக்குள், தன் சொந்த ஈர்ப்பால் மட்டுமே ஒன்றுசேர்ந்திருக்கும் பொருளால் அந்த இழுப்பைத் தாங்க முடிவதில்லை. பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் ரோஷ் 1848 இல் இத்தொலைவைக் கணக்கிட்டார். கோளுக்கும் துணைக்கோளுக்கும் அடர்த்தி ஒன்றாக இருந்தால், கோளின் மையத்திலிருந்து அதன் ஆரத்தைப் போல் ஏறத்தாழ 2.44 மடங்கு தொலைவில் இந்த எல்லை அமைகிறது. சனியின் அடர்த்தியையும் பனிக்கட்டியின் அடர்த்தியையும் வைத்துக் கணக்கிட்டால் எல்லை சுமார் 1,33,000 கி.மீ.யில் வருகிறது, சனியின் முதன்மை வளையங்கள் முடியும் இடமோ ஏறத்தாழ 1,36,800 கி.மீ. இவ்விரு எண்களும் இத்தனை நெருங்கி அமைந்திருப்பது தற்செயல் அன்று.

ஆகவே, வெளியிலிருந்து எல்லைக்குள் வரும் தளர்வான பொருள் சிதறுகிறது. ஏற்கெனவே எல்லைக்குள் இருக்கும் துகள்கள் திரண்டு நிலவாக முடிவதில்லை. பொருள் எவ்வழியில் வந்ததென்பது கோளுக்குக் கோள் மாறலாம். அது நிலவாக முடியாத இடத்தில் இருக்கிறது என்பதே வளையத்தின் இலக்கணம்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அப்படியானால் பூமிக்கு மிக அருகில் சுற்றும் நம் செயற்கைக்கோள்கள் ஏன் உடைவதில்லை?

பதில்: அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது ஈர்ப்பு அன்று, உலோகத்தின் வலிமை. ரோஷின் கணக்கு தளர்வான, நீர்மம் போன்ற பொருளுக்கு உரியது. சிறிய பாறைகளுக்கும் பொருள்வலிமை உண்டு என்பதால்தான் வியாழனின் மெட்டிஸ், அட்ராஸ்டியா போன்ற குறு நிலவுகள் எல்லைக்குள்ளேயே தப்பிப் பிழைத்திருக்கின்றன. 1992 இல் வியாழனை மிக நெருங்கிக் கடந்த ஷூமேக்கர்-லெவி 9 வால்வெள்ளி தளர்வான கட்டமைப்பு உடையது. அது துண்டு துண்டாகி, 1994 ஜூலையில் அந்தக் கோளிலேயே விழுந்தது.

கேள்வி: வளையம் ஏன் தட்டையாக இருக்கிறது? துகள்கள் கோளை ஓர் உருண்டைக் கூடு போலச் சூழ்ந்திருக்கக் கூடாதா?

பதில்: தொடக்கத்தில் அப்படியே இருந்தாலும் நீடிக்காது. வேகமாகச் சுழலும் கோள் நடுப்பகுதியில் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பின் ஈர்ப்பு, சாய்ந்த சுற்றுப்பாதைகளை மெல்லத் திருப்பிக்கொண்டே இருப்பதால், வெவ்வேறு சாய்வுகளில் ஓடும் துகள்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் மேல்-கீழ் அசைவின் ஆற்றல் சிறிது வெப்பமாகிப் போகிறது. கோளைச் சுற்றும் ஓட்டம் மட்டும் பொதுவாக எஞ்சுகிறது. முடிவில் எல்லாம் கோளின் நடுக்கோட்டுத் தளத்தில் படிந்துவிடுகின்றன.

எவ்வளவு தட்டை என்பது கற்பனைக்கு எளிதில் எட்டுவதில்லை. சனியின் முதன்மை வளையங்களின் குறுக்களவு சுமார் 2,70,000 கி.மீ.; தடிமனோ பெரும்பாலான இடங்களில் 10 மீட்டர் அளவே. அதை ஒரு கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டமாகச் சுருக்கினால், அதன் தடிமன் நாம் எழுதும் தாளின் தடிமனில் பாதிகூட வராது.

கேள்வி: வளையம் ஒரே தகடு அன்று, துகள்களின் கூட்டம் என்பது விண்கலங்கள் போவதற்கு முன்பே எப்படித் தெரிந்தது?

பதில்: கணக்கால் தெரிந்தது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1859 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே திண்ம வளையம் நிலைத்திருக்காது, தனித்தனியே சுற்றும் எண்ணற்ற துகள்களாலான வளையமே நிலைக்கும் என்று காட்டினார். 1895 இல் ஜேம்ஸ் கீலர் நிறமாலையை ஆராய்ந்து, வளையத்தின் உட்பகுதி வெளிப்பகுதியைவிட வேகமாகச் சுற்றுவதை அளந்தார். திண்மத் தகடாக இருந்தால் வெளி விளிம்பே வேகமாக ஓடியிருக்க வேண்டும். தாளும் எழுதுகோலும் கொண்டு எட்டிய முடிவு, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வானத்தில் அப்படியே சரிபார்க்கப்பட்டது. அறிவியல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்வுகளுள் இது ஒன்று.

கேள்வி (இருவர் கேட்டது): வியாழன் சனியைவிடப் பெரியது. அதற்கு ஏன் பெரிய வளையம் இல்லை? புதன், வெள்ளி, பூமி, செவ்வாய்க்கு ஏன் எதுவுமே இல்லை?

பதில்: வியாழனுக்கும் வளையம் உண்டு; 1979 இல் வாயேஜர் 1 விண்கலம் அதைக் கண்டது. ஆனால் அது மிக மெல்லிய தூசு. நுண்கற்கள் மெட்டிஸ், அட்ராஸ்டியா, அமல்தியா, தீபி ஆகிய உள் நிலவுகளைத் தாக்கும்போது கிளம்பும் புழுதியே அங்கே வளையமாகப் பரவுகிறது. தூசு நெடுங்காலம் தங்காது; கதிரவ ஒளியும் காந்தப்புலமும் அதை அகற்றிக்கொண்டே இருக்கின்றன. தாக்குதல் தொடர்வதால்தான் வளையமும் தொடர்கிறது. சனியின் வளையங்களுக்கு ஏ, பி, ஈ என எழுத்துகளே பெயர்; அவற்றுள் விரிந்த ஈ வளையமும் இதே போன்ற வரவில் வாழ்வதுதான். ஆனால் அங்கே பொருளைத் தருவது என்செலடஸ் நிலவின் தென்முனையிலிருந்து பீறிடும் பனித்தாரைகள். 2005 இல் காசினி விண்கலம் அவற்றைக் கண்டறிந்தது.

ஒரு கோளுக்கு வளையம் இருக்கிறதா என்பதை வரவுக்கும் செலவுக்கும் இடையிலான கணக்கு என்றே நான் பார்க்கிறேன். சனிக்கு ஒரு காலத்தில் மிகப்பெரிய வரவு கிடைத்தது. வியாழனுக்கு அப்படிக் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் நிலைக்கவில்லை. ஐயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ என்னும் நான்கு பெருநிலவுகளின் ஈர்ப்பு, பெரிய வளையம் வியாழனைச் சுற்றி நிலைபெறவிடாது என்று ஸ்டீபன் கேன் குழுவினரின் கணினி ஆய்வு 2022 இல் காட்டியது. இது விளக்கத்தில் ஒரு பகுதி என்றே கொள்கிறேன். கோளுக்கு மிக அருகில் இருக்கும் பொருளை அந்நிலவுகள் எந்த அளவுக்குக் கலைக்கும் என்பது இன்னும் ஆராய வேண்டியது.

உட்கோள்களின் நிலை வேறு. கதிரவனுக்கு இவ்வளவு அருகில் பனிக்கட்டித் துகள் ஆவியாகிவிடும். பாறை வளையமே இயலும். உடைந்து பொருள் தரவோ தூசு கிளப்பவோ புதனுக்கும் வெள்ளிக்கும் நிலவே கிடையாது. நம் நிலவோ 3,84,400 கி.மீ. தொலைவில் இருந்துகொண்டு, ஆண்டுக்கு 3.8 செ.மீ. வீதம் விலகிச் செல்கிறது.

கேள்வி: வளையங்களுக்கு நடுவே இடைவெளிகள் எப்படி வந்தன?

பதில்: பெரும்பாலும் நிலவுகளால். மைமாஸ் நிலவு சனியை ஏறத்தாழ 22.6 மணி நேரத்தில் சுற்றுகிறது. பி வளையத்தின் வெளி விளிம்பில் இருக்கும் துகள் அதில் சரிபாதி நேரத்தில் சுற்றிவிடுவதால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே திசையில் மைமாஸின் இழுப்பைப் பெறுகிறது. சிறிய இழுப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து அந்த விளிம்பை வரையறுக்கின்றன. அதற்கு அப்பால், பி, ஏ வளையங்களைப் பிரிக்கும் காசினி இடைவெளி தொடங்குகிறது. ஏ வளையத்துக்குள் உள்ள என்கே இடைவெளிக்குக் காரணம் இன்னும் நேரடியானது: பான் என்ற குறு நிலவு அதற்குள்ளேயே ஓடி வழியைத் துப்புரவாக்குகிறது.

கேள்வி: யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்டதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: உண்மைதான், இதைக் கேட்டதற்கு நன்றி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கலான விண்மீனை மறைத்துக் கடந்தது. ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், டக்ளஸ் மிங்க் ஆகியோர் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த கைப்பர் வானாய்வு விமானத்திலிருந்து அதை அளந்தார்கள். கோள் மறைக்கும் முன்னரே விண்மீனின் ஒளி சில நொடிகள் ஐந்து முறை குறைந்து மீண்டது. கோள் கடந்த பின்னும் அதே போன்ற குறைவுகள் மறுபக்கத்தில் பதிவாயின. இரு பக்கமும் ஒத்திருந்ததால் அவை வளையங்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அதே இரவில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியால் அதே விண்மீனைக் கவனித்தார்கள். அவர்களுடைய பதிவிலும் ஒளிக் குறைவு தெளிவாக இருந்தது. அது புதியதொரு துணைக்கோளால் நேர்ந்திருக்கலாம் எனக் கருதி அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்; மற்ற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகே வளையம் என்ற விளக்கம் உறுதியானது. ஒரே இடத்துப் பதிவை வைத்துக்கொண்டு துணைக்கோள் என்று கருதியது முற்றிலும் நியாயமான விளக்கம். அவர்களுடைய அளவீடு நல்ல அளவீடு. நம் பாடநூல்களில் அதற்கு ஒரு பத்தியாவது இடம் தர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அந்த வளையங்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறுகியவை. மோதல்களால் பரந்து விரிய வேண்டிய துகள்கள் ஏன் விரியவில்லை என்ற வினாவுக்கு, இருபுறமும் குறு நிலவுகள் மேய்ப்பர்களைப் போலக் காவல் இருக்கலாம் என்று பீட்டர் கோல்ட்ரைக்கும் ஸ்காட் டிரிமெயினும் 1979 இல் விடை சொன்னார்கள். 1986 இல் வாயேஜர் 2 போனபோது, எப்சிலான் வளையத்தின் இருபுறமும் கார்டீலியா, ஒஃபீலியா என்ற இரு நிலவுகள் இருந்தன.

கேள்வி (மூவர் கேட்டது): சனியின் வளையங்கள் சனியோடு பிறந்தவையா, அண்மையில் வந்தவையா?

பதில்: இன்று இத்துறையில் மிகக் கடுமையாக விவாதிக்கப்படும் கேள்வி இதுதான். வளையங்கள் பெரும்பாலும் தூய பனிக்கட்டி. வெளியிலிருந்து கரிய நுண்தூசு தொடர்ந்து விழுந்துகொண்டிருக்க, 450 கோடி ஆண்டுகளாக அவை இருந்திருந்தால் கறுத்திருக்க வேண்டும் என்பதே இளமைக் கட்சியின் வாதம். காசினி விண்கலம் 2017 இல் கோளுக்கும் வளையத்துக்கும் நடுவே புகுந்து சென்றபோது வளையத்தின் நிறை மைமாஸின் நிறையில் ஐந்தில் இரண்டு பங்கு என்று தெரிந்தது. தூசு விழும் வேகத்தையும் காசினியின் கருவி அளந்திருந்தது. இவற்றைக் கொண்டு, வளையத்தின் வயது 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் போகாது என்று சாஷா கெம்ப்ஃப் குழுவினர் 2023 இல் எழுதினார்கள். 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிலவு சனியை நெருங்கிச் சிதைந்திருக்கலாம் என்ற கருதுகோளை ஜாக் விஸ்டம் குழுவினர் 2022 இல் முன்வைத்தார்கள்.

மறுபுறத்தின் வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. சனியின் மிகப்பெரிய நிலவான டைட்டன் அளவுள்ள ஒரு நிலவு ஆதியில் சனியை நோக்கிச் சுருண்டு வந்தபோது அதன் பனி மேலுறை மட்டும் உரிந்து வளையமாயிருக்கலாம் என்று ராபின் கேனப் 2010 இல் காட்டினார். வளையத்தில் பாறை ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு எனக்குத் தெரிந்தவற்றில் மிகச் சிறந்த விளக்கம் அதுவே. மேலும், மிக வேகமாக வந்து மோதும் தூசு ஆவியாகிச் சிதறிவிடுவதால் பனியில் ஒட்டுவது குறைவு என்று 2024 இல் ரியூகி ஹியோடோ குழுவினர் கணித்தார்கள். அது சரியானால், தூய்மையைக் கொண்டு வயதை அளக்கும் முறையே தளர்ந்துவிடும்.

மாசு குறைந்திருப்பதை அப்படியே பிறந்த நாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. வளையம் இளமையானது என்று மாணவர் நூல்களில் முடிந்த முடிவாக எழுதுவது அவசரம். இழப்பு நடக்கிறது என்பதில் மட்டும் ஐயமில்லை: வளையத்திலிருந்து பனி சனியின் மீது மழையாக விழுகிறது. 2018 இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அந்த மழை மட்டுமே 30 கோடி ஆண்டுகளில் வளையத்தைக் கரைத்துவிடக்கூடும்.

கேள்வி: கோள் அல்லாத சிறிய பொருள்களுக்கும் வளையம் உண்டாமே?

பதில்: உண்டு. சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே கதிரவனைச் சுற்றும், 250 கி.மீ. அளவே உள்ள சாரிக்ளோ என்ற சிறுபொருளுக்கு இரு வளையங்கள் இருப்பது 2013 இல் விண்மீன் மறைப்பின்போது தெரிந்தது. 2017 இல் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஹவ்மியா என்ற குறுங்கோளுக்கும் தெரிந்தது. அதே தொலைப் பகுதியிலுள்ள குவாவார் என்ற சிறுபொருளுக்கு 2023 இல் அறிவிக்கப்பட்ட வளையம் நான் முதல் பதிலில் சொன்ன இலக்கணத்துக்கே சோதனையாக அமைந்தது. அது ரோஷ் எல்லைக்கு வெகுதூரம் வெளியே, குவாவாரின் ஆரத்தைப் போல் ஏழு மடங்குக்கும் மேலான தொலைவில் இருக்கிறது. அங்கே துகள்கள் சில பத்தாண்டுகளிலேயே நிலவாகத் திரண்டிருக்க வேண்டும். மிகக் குளிர்ந்த பனித்துகள்கள் ஒட்டாமல் துள்ளி விலகுவதும், குவாவாரின் சுழற்சியோடும் நிலவோடும் உள்ள ஒத்திசைவும் (மைமாஸ் தருவது போல முறையாகத் திரும்பத் திரும்ப வரும் இழுப்பு) காரணங்களாக முன்வைக்கப்படுகின்றன. ரோஷ் எல்லை போதுமான விளக்கம் என்றிருந்த நிலை இதனால் மாறிவிட்டது. எனக்கு இது பெருமகிழ்ச்சி தரும் மாற்றம்.

கேள்வி: செவ்வாய்க்கு வருங்காலத்தில் வளையம் வருமா?

பதில்: வரக்கூடும். செவ்வாயின் நிலவான போபோஸ் நூறாண்டுக்குச் சுமார் இரண்டு மீட்டர் வீதம் செவ்வாயை நெருங்குகிறது. இன்னும் 3 முதல் 5 கோடி ஆண்டுகளில் அது மோதும் அல்லது சிதைந்து வளையமாகும்.

கேள்வி: 2025 இல் என் சிறிய தொலைநோக்கியில் சனியைப் பார்த்தேன், வளையம் வெறும் கோடாகத்தான் தெரிந்தது. கருவியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. 29.5 ஆண்டுச் சுற்றில் இருமுறை வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்புகிறது. 2025 மார்ச் 23 அன்று அவ்வாறு நேர்ந்தது. கலிலியோவும் 1612 இல் இதே மறைவைக் கண்டு திகைத்தார். சாய்ந்த தட்டை வளையம் என்ற சரியான காரணத்தை 1659 இல் ஹைகன்ஸ்தான் விளக்கினார். இனி 2032 வரை ஆண்டுதோறும் வளையம் மேலும் விரிந்து தெரியும். 60 மி.மீ. துளையுள்ள கருவியில் 40 மடங்கு பெருக்கத்திலேயே வளையத்தைப் பார்க்கலாம். காசினி இடைவெளியைத் தெளிவாகப் பிரித்துக் காண 100 மி.மீ. கருவியும், காற்று அசையாத இரவும் வேண்டும். சனி வானில் உயர ஏறிய பிறகு பாருங்கள்.