கணினிக் கேள்வி–பதில்: மெனுவில் சரி, டாக்கில் மட்டும் பல்சக்கரம்!

கேள்வி: நானும் என் நண்பரும், வலைத்தள நுட்பங்களால் கணினிச் செயலிகளை எழுத உதவும் எலெக்ட்ரானை அடிப்படையாகக் கொண்டு ‘சுவடி’ என்றொரு கோட் எடிட்டரை எழுதி, லினக்ஸில் நிறுவுவதற்கான டெப் பொதியாகக் கட்டியிருக்கிறோம். மெனுவில் எங்கள் ஐகான் சரியாகத் தெரிகிறது. ஆனால் எடிட்டரைத் திறந்தவுடன், டாக்கில் (திரையோரச் செயலிப் பட்டையில்) ஏற்கெனவே பொருத்தி வைத்திருக்கும் ஐகானுக்கு அருகில் பல்சக்கரம் போன்ற இன்னொன்று தனியாக முளைக்கிறது. மூன்று முறை நீக்கி நிறுவியும் பயனில்லை. படத்தில்தான் குறையா?

பதில்: படத்தில் குறை இருந்தால் மெனுவிலேயே தெரிந்திருக்காது, எனவே அந்த ஐயத்தை விட்டுவிடுங்கள். மெனுவில் நீங்கள் காண்பது பொதிக்குள் வைத்த டெஸ்க்டாப் கோப்பின் (செயலியின் பெயர், ஐகான், இயக்கும் கட்டளை ஆகியவற்றைச் சொல்லும் சிறு கோப்பின்) விவரத்தை. டாக்கில் காண்பதோ ஓடிக்கொண்டிருக்கும் சாளரத்தை. அந்தச் சாளரம் எந்த டெஸ்க்டாப் கோப்புக்கு உரியது என்பதை அறிய, சாளரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயரையே டாக் முதன்மையாக நம்புகிறது. கோப்பில் உள்ள பெயரும் சாளரம் சொல்லும் பெயரும் பொருந்தாதபோது, ஆள் தெரியாத சாளரம் என்று கருதிப் பொது ஐகானை மாட்டிவிடுகிறது. ஒரே தவறான பெயரை நூறு முறை நிறுவினாலும் அது தவறாகவேதான் இருக்கும்.

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்ட எக்ஸ்11, வேலண்ட் என்னும் இரண்டு அமைப்புகளில் ஒன்று பயன்படும். எக்ஸ்11 அமர்வில் இதைச் சோதிப்பது எளிது. டெர்மினலில் ‘எக்ஸ்பிராப்’ கட்டளையை இட்டதும் சுட்டி கூட்டல் குறியாக மாறும். அதைச் சுவடியின் சாளரத்தின் மேல் சொடுக்கினால் நீண்ட பட்டியல் வரும். அதில் ‘டபிள்யூஎம் கிளாஸ்’ என்று தொடங்கும் வரியில், மேற்கோள் குறிகளுக்குள் இரண்டு சொற்கள் இருக்கும். இரண்டாவதை எடுத்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடுகூட மாறாமல், டெஸ்க்டாப் கோப்பில் ‘ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் கிளாஸ்’ என்னும் வரியின் சமக்குறிக்குப் பின் எழுதுங்கள். எலெக்ட்ரான் செயலிகளில் இந்தப் பெயர் பெரும்பாலும் ‘பேக்கேஜ் ஜேசான்’ கோப்பில் நீங்களே கொடுத்த பெயரிலிருந்து வருவதால், பாதி வழியில் செயலியின் பெயரை மாற்றியவர்கள்தாம் இந்தக் குழியில் அதிகம் விழுகிறார்கள்.

வேலண்ட் அமர்வில் எக்ஸ்பிராப் உதவாது. அங்கே சாளரம் ‘ஆப் ஐடி’ என்ற அடையாளத்தைத் தருகிறது; டெஸ்க்டாப் கோப்பின் பெயரே, ‘.டெஸ்க்டாப்’ என்ற பின்னொட்டு நீங்கலாக, அந்த அடையாளமாக இருப்பதுதான் பாதுகாப்பான வழி. க்னோம் என்னும் டெஸ்க்டாப் சூழலைப் பயன்படுத்துவோர் ஆல்ட் விசையுடன் எஃப்2 அழுத்தி, ‘எல்ஜி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை இட்டால் திறக்கும் பலகையில், ‘விண்டோஸ்’ பிரிவில் ஒவ்வொரு சாளரத்தின் பெயரையும் அது எந்தச் செயலியோடு இணைக்கப்பட்டுள்ளது என்பதையும் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்து பலனில்லை என்றால், உங்கள் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘லோக்கல்’ கோப்புறைக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்று சென்று பாருங்கள். சோதனைக் காலத்தில் கையால் எழுதிய பழைய டெஸ்க்டாப் கோப்பு அதே பெயரில் அங்கே கிடந்தால், பொதி நிறுவிய புதிய கோப்பை அது மறைத்துவிடும். நான் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இப்படித் தொலைத்திருக்கிறேன். திருத்திய கோப்பை நிறுவிக்கொண்டே இருந்தேன், கணினியோ நானே மறந்துபோன பழையதைப் படித்துக்கொண்டிருந்தது.

கேள்வி: என் எடிட்டரை டார் தொகுப்பாகவும் ஒரு நிறுவு ஸ்கிரிப்டாகவும் வெளியிட்டேன். என் கணினியில் ஐகான் தெரிகிறது, பிறர் கணினியில் தெரியவில்லை. என்ன காரணம்?

பதில்: முதலில் டெஸ்க்டாப் கோப்பின் ‘ஐகான்’ வரியைப் பாருங்கள். அங்கே உங்கள் ஹோம் கோப்புறையில் தொடங்கும் முழுப் பாதை இருந்தால் காரணம் அதுவே. அந்தப் பாதை உலகில் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கிறது. அவ்வரியில் படத்தின் பெயரை மட்டும், ‘பிஎன்ஜி’ போன்ற பின்னொட்டு இல்லாமல் எழுத வேண்டும். பின்னொட்டோடு எழுதியதைச் சில டெஸ்க்டாப் சூழல்கள் பொறுத்துக்கொள்வதால், எழுதியவருக்குத் தவறு தெரிவதில்லை.

படங்களை வைக்க வேண்டிய இடம் ‘ஹைகலர்’ என்னும் பொதுத் தீம். பயனர் எந்தத் தீமைத் தேர்ந்திருந்தாலும், அதில் இல்லாத ஐகானை டெஸ்க்டாப் சூழல் இறுதியில் இங்கேதான் தேடும். குறைந்தது 48-க்கு 48 பிக்சல் அளவுப் படம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்பது, லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொது விதிகளை வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப்பின் விதி. அதோடு ‘ஸ்கேலபிள்’ கோப்புறையில் ஓர் எஸ்விஜி படமும் இருந்தால் பெரிய திரைகளிலும் மங்காது. 16 பிக்சல் படத்தைப் பெரிய படத்திலிருந்து வெறுமனே சுருக்கி எடுக்காதீர்கள். நுண்ணிய கோடுகள் கரைந்து அழுக்குப் புள்ளியாகிவிடும்.

பிறகு ஒரு நுட்பம். ஐகான்களை விரைவாகத் தேட ஜிடிகே என்னும் வரைகலை நிரலகம் ஒரு கேஷ் கோப்பை (தேடல் பட்டியலின் சேமிப்பை) வைத்திருக்கிறது. அது பழையதா என்பதை ஹைகலரின் மேல்நிலைக் கோப்புறையின் கடைசி மாற்ற நேரத்தை வைத்தே ஜிடிகே முடிவு செய்கிறது. நீங்கள் படத்தை ஆழத்தில் உள்ள உட்கோப்புறையில் போடுவதால் மேல்நிலையின் நேரம் மாறுவதில்லை. பழைய கேஷே செல்லுபடியாகிறது. ஆகவே ஸ்கிரிப்டின் இறுதியில் ‘ஜிடிகே அப்டேட் ஐகான் கேஷ்’ கட்டளையை ஹைகலர் கோப்புறையின் மேல் இயக்குங்கள். டெபியன் பொதிகளில் இதை, நிறுவும்போது தூண்டப்படும் ட்ரிகர் ஒன்று தானாகச் செய்துவிடும்; ஸ்கிரிப்டால் நிறுவுவோர்க்கு அந்த வசதி கிடையாது. டெஸ்க்டாப் கோப்பில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்க்க ‘டெஸ்க்டாப் ஃபைல் வேலிடேட்’ என்ற கருவி இருக்கிறது. வெளியிடும் முன் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஆப்இமேஜாகக் கிடைக்கும் எடிட்டர் இரட்டைச் சொடுக்கில் திறக்கிறது. மெனுவில் மட்டும் வரவில்லையே?

பதில்: ஆப்இமேஜ் எதையும் நிறுவுவதில்லை, அது ஒற்றைக் கோப்பாகவே ஓடுகிறது. டெஸ்க்டாப் கோப்பும் ஐகானும் அதன் உள்ளேயே இருப்பதால் மெனுவுக்கு அவை தெரியாது. டெர்மினலில் அந்தக் கோப்பின் பெயருக்குப் பின் இரண்டு கோடுகளிட்டு ‘ஆப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட்’ என்று சேர்த்து இயக்கினால் உள்ளடக்கம் ஒரு கோப்புறையாக விரியும். அதிலிருந்து டெஸ்க்டாப் கோப்பை மேலே சொன்ன அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கும், படத்தை அதே ‘ஷேர்’ கோப்புறையில் உள்ள ஐகான்ஸ், ஹைகலர் வழியே உரிய அளவுக் கோப்புறைக்கும் நகலெடுங்கள். டெஸ்க்டாப் கோப்பில் இயக்கும் கட்டளையைச் சொல்லும் ‘எக்ஸெக்’ வரியில் ஆப்இமேஜ் இருக்கும் இடத்தின் முழுப் பாதையை எழுத வேண்டும். ஹோம் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறியை அங்கே யாரும் விரித்துப் படிப்பதில்லை.