படம் அழகாக இருக்கிறது, ஆனால் என்ன சொல்கிறது?

கேள்வி: நான் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புத்தகங்கள் தாமதமாகத் திரும்பி வருவது எங்களுக்குப் பெரிய தலைவலி. ஏன் தாமதம் என்று வாசகர்களிடம் கேட்டு, வந்த பதில்களை ஒரே பக்கச் சுவரொட்டியாகச் செய்தேன். முப்பரிமாண பை சார்ட், ஒன்பது நிறங்கள், ஐகான்கள், போன வருடத்தோடு ஒப்பிட ஒரு பட்டைப் படம், எல்லாம் இருக்கிறது. பார்த்தவர்கள் "அழகா இருக்கு" என்கிறார்கள். என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டால் மட்டும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எதை மாற்றுவது? இதற்கென்று நல்ல மென்பொருள் வாங்க வேண்டுமா? படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கள் நூலகத்தில் நினைவூட்டல் குறுஞ்செய்தி வசதியும் இருக்கிறது.

பதில்: "அழகா இருக்கு" என்ற பாராட்டைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். விஷயம் புரிந்தவர் படத்தைப் பற்றிப் பேசமாட்டார், விஷயத்தைப் பற்றிப் பேசுவார். "அட, இத்தனை பேர் மறந்துதான் போறாங்களா?" என்று யாராவது கேட்டால் உங்கள் சுவரொட்டி வேலை செய்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. ஒன்பது காரணங்களும் ஒன்பது பளிச் நிறங்களில் ஒரே சத்தத்தில் கத்துகின்றன. எதைக் கேட்பது?

கணினியை மூடிவிட்டு ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். சுவரொட்டியைப் பார்த்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதே அந்த வாக்கியம். உங்கள் கணக்கெடுப்பில் "மறந்துவிட்டேன்" 41 சதவீதம், "படித்து முடிக்கவில்லை" 23, "நூலக நேரம் ஒத்துவரவில்லை" 14, "கடைசித் தேதி தெரியவில்லை" 9, மற்ற ஐந்து காரணங்களும் சேர்ந்து 13. நூலகத்தில் நினைவூட்டல் குறுஞ்செய்தி வசதி இருப்பதாகவும் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரிதான் உங்களிடம் இருக்கும் தங்கம். "தாமதமாகும் பத்துப் பேரில் நான்கு பேர் மறந்துவிடுகிறார்கள். நினைவூட்டல் குறுஞ்செய்திக்குப் பெயர் கொடுங்கள்." இதுதான் தலைப்பு. இப்போது உங்கள் தலைப்பு "தாமதக் காரணங்கள் பற்றிய ஆய்வு முடிவுகள்" என்று இருக்கிறது. அது கோப்பின் மேல் எழுதவேண்டிய பெயர், சுவரில் ஒட்டுவதற்கு உதவாது.

வாக்கியம் முடிவான பிறகு, அதற்கு உதவாத எதையும் ஈவிரக்கம் இல்லாமல் வெட்டலாம். இந்த வெட்டும் தைரியத்துக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் லண்டன் பாதாள ரயிலின் வரைபடம். ஆரம்பகால வரைபடங்கள் ஊரின் நிஜ நிலப்பரப்பின் மேல் தண்டவாளங்களை வளைத்து வளைத்து வரைந்தன. நகரின் நடுப்பகுதியில் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்தன. வரைவாளராக வேலை பார்த்த ஹாரி பெக் 1931இல் வேறு மாதிரி யோசித்தார். பூமிக்குக் கீழே போகிறவருக்கு மேலே தெரு எப்படி வளைகிறது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? எந்த நிறத் தடத்தில் ஏறுவது, எங்கே மாறுவது, இவ்வளவுதான் அவருடைய கேள்வி. ஆகவே எல்லாத் தடங்களையும் கிடை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு என்று நேர்கோடுகளாக்கி, நிலையங்களை ஏறக்குறையச் சம இடைவெளியில் வைத்தார். நிலப்பரப்பில் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார். நிர்வாகம் முதலில் இதை வேண்டாம் என்றுதான் சொன்னது. 1933இல் அச்சிட்டுக் கொடுத்துப் பார்த்தபோது பயணிகள் பிடித்துக்கொண்டார்கள். தூரம் தப்பு, திசை தப்பு, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சரி.

சரி, உங்கள் பை சார்ட்டுக்கு வருவோம். பை சார்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று துண்டுகள், அதில் ஒன்று பாதிக்கு மேல் என்றால் அது நன்றாகவே பேசும். ஒன்பது துண்டுகளில் பேசாது. வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட சோதனைகளில் இதற்கான காரணம் இருக்கிறது. ஒரே அடிக்கோட்டிலிருந்து கிளம்பும் பட்டைகளின் முனைகளை ஒப்பிடுவதில் நம் கண் கெட்டி. கோணம் என்று வந்தால் தடுமாறும், பரப்பளவு இன்னும் மோசம். நீங்களோ வட்டத்தைச் சாய்த்து முப்பரிமாணமாக்கிவிட்டீர்கள். சாய்த்த வட்டத்தில் முன்பக்கத் துண்டு அதன் விளிம்பும் சேர்ந்து தெரிவதால் பெருத்துவிடும், பின்பக்கத் துண்டு ஒடுங்கிவிடும். உங்கள் படத்தில் முன்னால் இருக்கும் 23, பின்னால் இருக்கும் 41க்குச் சமமாகத் தெரிகிறது. யாரும் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை, மென்பொருளின் ஒரு பொத்தான் ஏமாற்றிவிட்டது.

அதையே இப்படி மாற்றிப் பாருங்கள். படுக்கைவாட்டில் ஐந்து பட்டைகள். பெரியது மேலே, மற்றவை இறங்கு வரிசையில். சின்னக் காரணங்கள் ஐந்தையும் கூட்டி "பிற காரணங்கள்" என்று கடைசியில் வையுங்கள். கூட்டினால் 13 வருகிறதே, 9க்கு மேலே போகவேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், "பிற" எப்போதும் கடைசி, அது ஒரு காரணம் இல்லையே. முதல் பட்டைக்கு மட்டும் அடர்நீலம், மற்ற நான்குக்கும் சாம்பல். எண்ணைப் பட்டையின் முனையிலேயே எழுதுங்கள், காரணத்தின் பெயரைப் பட்டையின் இடப்பக்கம். இப்போது ஓரத்தில் இருக்கும் நிறவிளக்கப் பெட்டி தானாகவே வேலை இழந்துவிடும். அந்தப் பெட்டி இருக்கும்வரை வாசகர் "பச்சை என்றால் என்ன" என்று பெட்டிக்கும் படத்துக்கும் நடந்துகொண்டே இருப்பார். மூன்றாவது நடையில் விட்டுவிடுவார். எண்களைப் பட்டையிலேயே எழுதிவிட்டதால் பின்னணிக் கட்டக்கோடுகளும் அடியில் இருக்கும் 0, 10, 20 அளவுகோலும் தேவையில்லை.

படுக்கைவாட்டில் என்று சொன்னதற்குத் தமிழ் சார்ந்த காரணமும் உண்டு. "ஒத்துவரவில்லை" மாதிரி ஒரு சொல் நிற்கும் பட்டையின் கீழே அடங்காது. உடனே மென்பொருள் அதைச் சாய்த்துவிடும், வாசகர் கழுத்தைச் சாய்க்க வேண்டும். இல்லையென்றால் "ஒத்துவரவில்" ஒரு வரியிலும் "லை" அடுத்த வரியிலுமாக உடையும். தமிழுக்கு வரி இடைவெளியும் கொஞ்சம் தாராளமாக வேண்டும். கீயின் மேல்சுழியும் மேல்வரியின் கூவின் வாலும் முட்டிக்கொண்டால் தூரத்திலிருந்து இரண்டுமே புள்ளியாகத் தெரியும். சின்ன அளவில் தடித்த எழுத்துரு போட்டால் ணகரம், னகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆகவே அழுத்தம் கொடுக்கத் தடிப்பை நம்பாமல் அளவைக் கூட்டுங்கள். அலங்கார எழுத்துருக்களைத் திருமண அழைப்பிதழுக்கு விட்டுவிடலாம்.

அப்புறம் அந்தப் போன வருட ஒப்பீடு. நேரத்துக்குத் திரும்பிய புத்தகங்கள் 52 சதவீதத்திலிருந்து 55 ஆகியிருக்கின்றன. உங்கள் பட்டைப் படத்தின் அடிக்கோடு 50இல் தொடங்குகிறது. அதனால் ஒரு பட்டையின் உயரம் 2, இன்னொன்றின் உயரம் 5, கண்ணுக்கு இரண்டரை மடங்கு வளர்ச்சி. உண்மையில் கூடியது மூன்றே மூன்று புள்ளிகள். பட்டை என்றால் சுழியத்திலிருந்து தொடங்கித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் பட்டையின் நீளமே அங்கே எண். கோட்டுப் படத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அதில் நாம் சாய்வைத்தான் பார்க்கிறோம். உடல் வெப்பத்தைச் சுழியத்திலிருந்து வரைந்தால் 37இலிருந்து 39க்கு ஏறிய காய்ச்சல் தெரியாமலே போய்விடும். உங்கள் விஷயத்தில் இரண்டே எண்கள்தான் என்பதால் படமே வேண்டாம். "போன வருடம் 52%, இந்த வருடம் 55%" என்று எழுதினால் முடிந்தது.

புத்தக ஐகான் ஒன்றைப் பெரிதாக்கி "இரு மடங்கு" என்று காட்டியிருக்கிறீர்களே, அதையும் பார்த்தேன். உயரத்தை இரட்டித்தால் அகலமும் கூடவே இரட்டிக்கும், பரப்பு நான்கு மடங்காகிவிடும். வியன்னாவில் 1920களில் ஓட்டோ நியூராத்தும் அவருடன் வேலை செய்தவர்களும் பொதுமக்களுக்கான புள்ளிவிவரப் படங்களை வரைந்தபோது இதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: அளவு கூடினால் சின்னத்தைப் பெரிதாக்காதே, சின்னங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் பெற்ற முறை அது. உங்களுக்கு இது அப்படியே பொருந்தும். பத்து மனித உருவங்களை ஒரே அளவில் வரிசையாக நிறுத்தி, நான்கு பேருக்கு மட்டும் நிறம் கொடுங்கள். சதவீதம் என்றாலே கண்ணை மூடிக்கொள்கிறவர்களும் "பத்தில் நாலு" என்று எண்ணிவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: ஒரு இடத்தில் "10இல் 1", இன்னொரு இடத்தில் "25இல் 1" என்று கலக்காதீர்கள். 25 பெரிய எண்ணாக இருப்பதால் அதுதான் அதிகம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அடியெண் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

எண்ணைச் சொல்லும் விதத்தின் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1995இல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்லலாம். சில வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரிக்கை வந்தது. இரு மடங்கு என்பது பொய் இல்லை. 7,000 பெண்களில் சுமார் ஒருவர் என்றிருந்தது சுமார் இருவர் ஆனது, அவ்வளவுதான். இந்த இரண்டாவது தகவல் போய்ச் சேராததால் பலர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த வருடம் கருக்கலைப்புகள் கூடின. உங்கள் சுவரொட்டியால் அந்த மாதிரி ஆபத்து வராதுதான். ஆனாலும் "மடங்கு", "100% உயர்வு" என்றெல்லாம் எழுதக் கை போகும்போது, எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

நிறம் பற்றி ஒரு பழைய அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு அலுவலகத்துக்காக, திறந்திருக்கும் நாட்கள் பச்சை, மூடிய நாட்கள் சிவப்பு என்று நாள்காட்டி ஒன்று செய்தேன். கூட வேலை பார்த்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லா நாளும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றார். அவருக்கு அந்த இரண்டு நிறங்களும் பிரிந்து தெரியாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவருக்கு ஏதோ ஒரு வகை நிறக்குறைபாடு உண்டு. மற்ற இனத்தவரிடம் விகிதம் குறைவு, ஆனால் எங்கும் இல்லாமல் இல்லை. நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு சொல்லோ குறியோ சேர்ப்பதுதான் மருந்து. மஞ்சளில் வெள்ளை எழுத்து வேண்டாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் இணையப் பக்கங்களைப் படிக்க வகுத்த அணுகுதன்மை விதிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு கேட்கின்றன. அந்தக் கணக்கெல்லாம் போட நேரமில்லை என்றால், படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுங்கள். அதிலும் முதல் பட்டை தனியாகத் தெரிந்தால் போதும்.

பிறகு சோதனை. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நூலகத்துக்கு வரும் ஐந்து பேரிடம், உங்கள் சக ஊழியர்களிடம் அல்ல, படத்தைப் பத்து வினாடி காட்டுங்கள். திருப்பி வைத்துவிட்டு "இது என்ன சொன்னது?" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்காகவாவது புரிகிறது என்பார்கள். அவர் சொல்லும்போது குறுக்கிட்டு விளக்கவும் கூடாது, சுவரில் ஒட்டிய பிறகு நீங்கள் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. ஐந்தில் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தை மாற்றிவிட்டு வேறு ஐந்து பேரிடம் போங்கள்.

மென்பொருள் வாங்கவேண்டாம். நான் சொன்ன ஐந்து பட்டைகளை எக்செல்லில் கால் மணி நேரத்தில் போட்டுவிடலாம். பத்து மனித உருவங்களை எந்த இலவசச் செயலியிலும் வரிசைப்படுத்தலாம். ஒன்றை மட்டும் திரையில் முடிவு செய்யாதீர்கள், எழுத்தின் அளவு. முழு அளவில் அச்சிட்டு, ஒட்டப்போகிற அதே சுவரில், ஆட்கள் கடந்துபோகும் தூரத்தில் நின்று பாருங்கள். கீழ் ஓரத்தில் எத்தனை பேரிடம், எந்த மாதம் கேட்டீர்கள் என்பதைச் சின்னதாகப் போடுங்கள். இப்போதைய படத்தில் அது எங்கும் இல்லை. குறுஞ்செய்திக்குப் பெயர் கொடுக்கும் தாளை அந்தச் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே, ஒரு பேனாவோடு தொங்கவிடுங்கள்.