சபைக்கு இதில் என்ன வேலை?

கேள்வி: கிறிஸ்தவ அன்பும் சேவையும் அரசியல் பிளவை ஆற்றும் என்று எழுதி வருகிறீர்கள். வட அயர்லாந்தில் இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்தானே? முப்பது வருஷம் ஒருவரையொருவர் கொன்றார்கள். கடைசியில் சமாதானம் தந்தது அரசியல்வாதிகள் போட்ட ஒப்பந்தம். சபைக்கு இதில் என்ன வேலை? எங்கள் சபையிலேயே தேர்தல் முடிந்து இத்தனை மாதமாகியும் இரண்டு கட்சிக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கேள்வியின் முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கலவர ஆண்டுகளில் சுமார் 3,500 பேர் இறந்தார்கள். பிரிட்டனோடு இருப்பதா (புராட்டஸ்டன்டுகள் பெரும்பாலும் இந்தப் பக்கம்), அயர்லாந்தோடு சேர்வதா (கத்தோலிக்கர் பெரும்பாலும் இந்தப் பக்கம்) என்பதுதான் சண்டை. ஆனால் தெருக்களும் பள்ளிக்கூடங்களும் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்றே பிரிந்து கிடந்தன. பிரசங்க பீடத்தில் நின்று எண்ணெய் ஊற்றியவர்களும் உண்டு. எந்தச் சமரசத்துக்கும் முடியாது என்று பல பத்தாண்டுகள் முழங்கிய புராட்டஸ்டன்ட் தலைவர் ஐயன் பெய்ஸ்லி ஒரு போதகர்; 1951-ல் தனிச் சபையே தொடங்கியவர். இதை மறைத்துவிட்டு அன்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

இரண்டாம் பாதியில்தான் உங்களோடு எனக்கு வழக்கு. ஒப்பந்தம் 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று கையெழுத்தானது. அதற்குப் பத்து வருஷம் முன்னால் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்ட் தெருவில் நடந்ததைப் பாருங்கள்.

1988 மார்ச் 19. அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்து உறுப்பினர் ஒருவரின் சவ ஊர்வலத்துக்குள் இரண்டு பிரிட்டிஷ் படைவீரர்கள் காரோடு வந்து மாட்டிக்கொண்டார்கள். கூட்டம் அவர்களை இழுத்துப்போட்டு அடித்தது. க்ளோனார்ட் மடத்துக் கத்தோலிக்கக் குரு அலெக் ரீட் நடுவில் புகுந்து தடுக்கப் பார்த்தார். அவரைப் பிடித்து இழுத்து விலக்கினார்கள். வீரர்களை அங்கிருந்து கொண்டுபோய்ச் சுட்டார்கள். ரீட் தேடிப் போய், ஒருவருடைய வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. மண்டியிட்டு இறுதி ஜெபம் சொன்னார். செத்தவர்கள் அவர் சபையாரும் அல்ல, அவர் மக்களின் நண்பர்களும் அல்ல. அந்தத் தெருவின் கண்ணுக்கு எதிரிப் படை. அன்று ரீடிடம் ஒரு கடித உறை இருந்தது. ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெய்ன் கட்சியின் யோசனைகள் அதில் இருந்தன. வன்முறையை எதிர்த்து வந்த கத்தோலிக்கர் தரப்புத் தலைவர் ஜான் ஹியூமிடம் சேர்க்க வேண்டியது. அதில் இரத்தம் பட்டிருந்தது. உறையை மாற்றி, கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஹியூமும் ஷின் ஃபெய்ன் தலைவர் ஜெரி ஆடம்ஸும் பேசத் தொடங்கியதற்கு இந்தக் குருவின் நடையும் தூதும் காரணம். அரசியல்வாதிகள்தான் ஒப்பந்தம் போட்டார்கள், சரி. அவர்களை ஒரே அறைக்குள் உட்கார வைத்தது யார்?

புராட்டஸ்டன்ட் பக்கத்திலும் ஆள் உண்டு. எனிஸ்கில்லன் ஊரில் துணிக்கடை வைத்திருந்த மெத்தடிஸ்ட் விசுவாசி கார்டன் வில்சன். 1987 நவம்பர் 8 அன்று ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் இடிபாடுகளுக்குள் மகளின் கையைப் பிடித்தபடி கிடந்தார். இருபது வயது நர்ஸ் மரீ அன்றே இறந்துபோனாள். அதைச் செய்தவர்கள்மேல் தனக்குப் பகை இல்லை, அவர்களுக்காக ஜெபிப்பேன் என்று பிபிசியிடம் சொன்னார். 1993-ல் ஐ.ஆர்.ஏ.வினரையே நேரில் சந்தித்து, நிறுத்துங்கள் என்று கேட்டார், வெறுங்கையோடு திரும்பினார். அன்பு காட்டினால் மறுநாளே பலன் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை.

இவர்கள் யாரும் தங்கள் அரசியல் கருத்தைத் துறந்தவர்கள் அல்லர். செய்தது வேறு: எதிர்ப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். க்ளோனார்ட் மடத்தாரும் ஃபிட்ஸ்ராய் என்ற புராட்டஸ்டன்ட் (பிரெஸ்பிட்டேரியன்) சபையாரும் 1981 முதல் ஒன்றாக உட்கார்ந்து வேதம் படித்தார்கள்; துக்க வீடுகளுக்குச் சேர்ந்தே போனார்கள், செத்தவர் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. நாம் செய்யும் சேவையில் பாதி, நம் ஆட்களுக்கு நாமே செய்துகொள்வது. அது பிளவை ஆற்றாது, இன்னும் ஆழமாக்கும். "உங்களைச் சிநேகிக்கிறவர்களையே" சிநேகித்தால் பலன் என்ன, ஆயக்காரரும் அப்படியே செய்கிறார்களே என்று ஆண்டவர் கேட்டது இதைத்தான்.

2005-ல் ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களைக் கைவிட்டபோது, அது உண்மையாக நடந்ததா என்று பார்த்துச் சொல்ல இரண்டு சாட்சிகள் வேண்டியிருந்தது. போனவர்கள் அலெக் ரீடும் மெத்தடிஸ்ட் போதகர் ஹெரால்ட் குட்டும். பெய்ஸ்லி அப்போதும் நம்ப மறுத்தார். அதே ஆண்டில் ரீட் ஒரு கூட்டத்தில் நிதானம் இழந்து எதிர்த் தரப்பாரை நாஜிகளோடு ஒப்பிட்டுவிட்டு, பிறகு மன்னிப்பும் கேட்டார். இத்தனைக்குப் பிறகும் 2007 மே மாதம் அதே பெய்ஸ்லி, ஐ.ஆர்.ஏ.வில் இருந்த மார்ட்டின் மெக்கின்னஸோடு ஒரே ஆட்சியில் உட்கார்ந்தார்.

உங்கள் சபை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கட்சிக்காரர்களும் பேசுவதில்லை என்று எழுதினீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. எந்தப் பக்கமானாலும், மறுபக்கத்தில் இந்த மாதம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் ஒருவர் இருப்பார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போய்ப் பாருங்கள். ராத்திரி துணைக்கு ஆள் இல்லையென்றால் நீங்களே இருங்கள். தேர்தலைப் பற்றி அவராகப் பேச்செடுத்தாலொழிய நீங்கள் எடுக்க வேண்டாம்.