கிரேக்கரை ஒன்றிணைத்தவர் பிலிப்பா, அலெக்சாந்தரா?

கிரேக்க நகர அரசுகளை ஓர் அணியில் கட்டியவர் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்தான். ஒரு பாடநூல் பிலிப்பையும் மற்றொன்று அலெக்சாந்தரையும் சொல்வதற்குக் காரணம், கி.மு. 338இல் கைரோனியாப் போரில் வென்றபின் பிலிப்பாகிய அவர் அமைத்த கொரிந்துக் கூட்டணியின் தலைமையை மகன் அலெக்சாந்தர் ஏற்று, அதன் பெயரிலேயே பாரசீகத்தின்மேல் படையெடுத்தது எனத் தோன்றுகிறது.

சரிபார்க்க, பாரசீகரை வென்ற கிரானிக்கசு போருக்குப்பின் (கி.மு. 334) அலெக்சாந்தர் ஏதென்சுக்கு அனுப்பிய 300 கவசங்களின் காணிக்கை வாசகத்தைப் படியுங்கள்: வென்றவர்கள் அலெக்சாந்தரும், ஸ்பார்ட்டர் நீங்கலான கிரேக்கரும் என்கிறது அது. ஸ்பார்ட்டா அப்போது கூட்டணியில் சேர்ந்திருக்கவில்லை.

'ஒற்றுமை' என்ற சொல்லை மட்டும் எச்சரிக்கையோடு எழுதுங்கள். கிளர்ந்தெழுந்த தீப்சு நகரை அலெக்சாந்தர் கி.மு. 335இல் தரைமட்டமாக்கினார், உயிர்தப்பியோரில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அந்தக் கொடுமையை விட்டுவிட்டு எழுதும் விடை முழுமையாகாது. அலெக்சாந்தரைக் கிரேக்கத் தேசியச் சின்னமாகக் காண்பதோ மிகப் பிற்காலத்தது: ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக எழுதிய கிரேக்க எழுத்தாளர் ரிகாஸ், 1797இல் வியன்னாவில் அவருடைய உருவப்படத்தை அச்சிட்டார்.